பனி கொல்லாது, ஈரம் கொல்லும்

பாறைத்தோட்டம் – கேள்வி பதில்

? இங்கே ஜனவரியில் மைனஸ் இருபது வரை இறங்கிவிடுகிறது. இலை முழுக்கத் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும் செடி உறைந்து வெடித்துவிடாதா?
– வாசகர், டொரன்டோ

வெடிக்காது. மைனஸ் முப்பதையே தாங்குகிற சதைப்பற்றுச் செடிகள் இருக்கின்றன. அவற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் செம்பர்வைவம். தெற்கு, மத்திய ஐரோப்பிய மலைகளிலிருந்து காகஸஸ் வரை பாறை இடுக்குகளில் வாழும் இனம். ஆண்டு முழுக்க இலை உதிர்க்காது.

இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக அது தன்னைத் தயார் செய்துகொள்கிறது. இலையில் நீர் குறையும், சர்க்கரை கூடும், விரிந்து கிடந்த இலைகள் நடுக்குருத்தை மூடிக் குவியும். உறைபனி விழும்போது பனிக்கட்டி முதலில் உருவாவது செல்களுக்கு வெளியே இருக்கும் இடைவெளியில்தான். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உள்ளே மிஞ்சுகிற சாறு அடர்த்தியாகி, உறையாமல் நிற்கிறது. செடி சுருங்கிப்போகும், சாகாது.

இந்த ஏற்பாடெல்லாம் பட்டினி போட்ட செடிக்குத்தான். செப்டம்பரில் உரமும் தண்ணீரும் ஊட்டி வளர்த்த செடி ஊறிப்போன சதையோடு நவம்பரில் மாட்டிக்கொள்ளும். நான் பார்த்த வரையில் குளிரில் செத்த செம்பர்வைவத்தைவிட ஈரத்தில் அழுகிச் செத்ததுதான் அதிகம். உங்கள் ஊரில் ஸ்னோ விழுந்து மூடினால் கவலையே வேண்டாம், அதைவிட நல்ல போர்வை கிடையாது. கவலைப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, வாகனப்பாதையில் தூவும் உப்பு. அது தெறிக்கும் இடத்தில் நடாதீர்கள். இன்னொன்று, மார்ச் மாதத்தில் பகலில் உருகி இரவில் உறையும் மண். அது ஆழமில்லாத வேரை மேலே தூக்கி எறிந்துவிடும். ஏப்ரலில் ஒருமுறை நடந்து பார்த்து, எழும்பிக் கிடப்பவற்றைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டால் போதும்.

? ராக் கார்டன் என்றால் சண்டிகரில் இருக்கிறதே, அதுதானே?
– வாசகி, சென்னை

அது நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் கொண்டு யாருக்கும் தெரியாமல் உருவாக்கிய சிற்ப உலகம். 1976-ல் மக்களுக்குத் திறந்தார்கள். அவசியம் பாருங்கள். இங்கே நாம் பேசுவது மலைச்சரிவில் பாறைக்கும் செடிக்கும் உள்ள உறவைத் தோட்டத்தில் கொண்டுவரும் கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வேர்பிடித்தது. லண்டன் கியூ தோட்டத்தின் பாறைத்தோட்டம் 1882-ல் தொடங்கியது. சண்டிகரில் கல் காட்சிப்பொருள், இதில் கல்தான் செடிக்கு வீடு.

? 'ஹார்டி' என்று சொல்லி விற்றார்கள். ரோஜாப்பூ மாதிரி அழகான செடி. முதல் உறைபனியிலேயே கூழாகிவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் எச்செவேரியா. மெக்சிகோவின் பிள்ளை. உறைபனி அதற்கு ஆகாது. அதுவும் செம்பர்வைவமும் ஒரே குடும்பம் என்பதால் கடைக்காரரே குழம்புவதுண்டு.

அடுத்த முறை கடையில் ஒரே ஓர் இலையின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். செம்பர்வைவம் என்றால் விளிம்பு நெடுக நுண்ணிய மயிர் வரிசையாக நிற்கும். இலை மெல்லிசாக, நுனி கூராக, எண்ணிக்கை அதிகமாக இருக்கும். எச்செவேரியாவின் இலை தடித்து வழவழவென்று இருக்கும். பல வகைகளில் மேலே சாம்பல் பூத்த மெழுகுப்பூச்சு உண்டு, விரல் பட்டால் தடம் விழும். இன்னொரு அடையாளம், தாய்ச்செடியைச் சுற்றி நூல் போன்ற தண்டின் நுனியில் குட்டிகள் எட்டிப் பார்த்தால் அது செம்பர்வைவமாக இருக்க வாய்ப்பு மிகுதி. கருஞ்சிவப்பாக, மரம்போல் தண்டு விட்டு நிற்பது ஏயோனியம். கேனரித் தீவுகளின் செடி. அதையும் குளிர்காலத்தில் வெளியே விடாதீர்கள்.

? நான்கு வருடம் வளர்த்த செம்பர்வைவம் திடீரென்று நடுவில் எழும்பி, பூத்து, காய்ந்து செத்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?
– வாசகி, பெர்ன், சுவிட்சர்லாந்து

ஒரு தவறும் இல்லை. வாழை குலை தள்ளியதும் தாய்மரம் போய்விடுகிறதே, அதே கதைதான். ஓர் இலைக்கொத்து ஒரே ஒருமுறைதான் பூக்கும், பூத்ததும் மடியும். அதற்குள் காலடியில் கன்றுகளை நிறுத்தி வைத்திருக்கும். வாழையடி வாழை.

பூந்தண்டு எழும்போதே வெட்டினால் தாய் பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் பிழைக்காது. பூவையாவது பாருங்கள். இளஞ்சிவப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாக, தேனீக்கள் மொய்க்கப் பூக்கும். காய்ந்தபின் தண்டை ஆட்டிப் பிடுங்கி, பள்ளத்தில் சரளையைப் போட்டு நிரப்புங்கள். அக்கம்பக்கத்துக் கன்றுகள் ஒரே பருவத்தில் அந்த இடத்தை அடைத்துவிடும்.

? சென்னை மொட்டை மாடியில் செம்பர்வைவம் வளருமா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

வளராது. வெயிலைக்கூடச் சமாளிக்கும், இறங்காத இரவு வெக்கையும் அக்டோபர் மழையும் அதை முடித்துவிடும். இணையத்தில் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்குப் பாறைத்தோட்டம் வேண்டுமென்றால் நம் மண்ணில் வளரும் கற்செடிகள் இருக்கின்றன. கரட்டுப் பாறைகளில் தானாக முளைக்கும் கள்ளிமுளையான், பிரண்டை, சதுரக்கள்ளி, ரணகள்ளி. நான்கையும் கருங்கல் துண்டுகளுக்கு நடுவே, பாதி சரளை கலந்த செம்மண்ணில் வைத்துப் பாருங்கள். கள்ளிமுளையான் பூக்கும்போது குனிந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது காட்டும் அழகு. சதுரக்கள்ளியின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

? நாங்கள் ஊட்டி. எங்களுக்காவது வளருமா?
– வாசகி, உதகமண்டலம்

உங்களுக்கு நம்பிக்கை உண்டு. 2,200 மீட்டருக்கு மேலான உயரம், டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி, குளிர்ந்த இரவு, கூரிய வெளிச்சம் எல்லாம் செம்பர்வைவத்துக்குப் பிடித்தவை. பிடிக்காதது ஒன்றுதான். ஜூனில் தொடங்கி வாரக்கணக்கில் விடாத மழை. அதனால் திறந்த புல்வெளியில் நடாமல், வீட்டுச் சுவரை ஒட்டி, கூரையின் இறவாரத்துக்குச் சற்று உள்ளே, கிழக்கு வெயில் படும் இடத்தில் மேடு கட்டுங்கள். இறவாரத்துத் தண்ணீர் சொட்டும் கோட்டில் மட்டும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மேலே ஒரு பாலிகார்பனேட் தகடு, பக்கங்கள் திறந்தபடி. கல்லுக்கு அலைய வேண்டாம், நீலகிரியின் சார்னோக்கைட் கல்லே போதும்.

? வீட்டுக்குள் ஜன்னலோரம்?
– வாசகர், கொடைக்கானல்

வேண்டாம். வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டு வெளிறிவிடும். அது வெட்டவெளியில் வாழும் செடி.

? எங்கள் வீட்டுப் பின்புறம் களிமண். மழை பெய்தால் நாள்கணக்கில் தேங்கும். ஆறடிக்கு மூன்றடி இடம் இருக்கிறது. பாறைத்தோட்டம் எப்படிப் போடுவது என்று முதலிலிருந்து சொல்லுங்கள்.
– வாசகர், பர்மிங்காம்

முதல் வேலை, மண்வெட்டியைக் கீழே வையுங்கள். களிமண்ணில் குழி தோண்டிச் சரளையை நிரப்புவதுதான் எல்லோரும் செய்வது. சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் வடிந்து அந்தக் குழியில்தான் வந்து நிற்கும். கீழே போகாதீர்கள், மேலே எழுப்புங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரம் போதும். இந்தச் செடிகளின் வேர் அதற்குமேல் இடம் கேட்பதில்லை.

மண் கலவையில் ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மட்கிய இலை உரம், இரண்டு பங்கு பொடிச்சரளை. சரளை மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர், உடைத்த கூர்முனைகளோடு இருக்கட்டும். உருண்டைக் கூழாங்கல்லைவிட அதுதான் மண்ணில் காற்றுக்கு இடம் விடும். கட்டட வேலை மணல் வேண்டாம், நைசாக இருப்பதால் இறுகிச் சிமென்ட் தரையாகிவிடும். கலந்து முடித்ததும் ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி அமுக்குங்கள். கை விட்டதும் உருண்டை உதிர வேண்டும். உதிராமல் கொழுக்கட்டையாக நின்றால் இன்னும் சரளை சேருங்கள்.

அடுத்தது கல். பத்து சின்னக் கல்லைவிட மூன்று பெரிய கல் அழகு. எல்லாம் ஒரே இனக் கல்லாக இருக்கட்டும். பாறையில் அடுக்கு வரிகள் ஓடும், கவனித்திருப்பீர்கள். எல்லாக் கல்லிலும் அந்த வரி ஒரே திசையில் சாயும்படி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கையாவது மண்ணுக்குள் புதையுங்கள். மேல்முகம் சற்றே பின்பக்கம் சாய்ந்திருந்தால் மழைநீர் கல்லின் மேல் ஓடி, பின்னால் இருக்கும் வேருக்குப் போய்ச் சேரும். முன்பக்கம் சாய்த்தால் தண்ணீர் சொட்டி மண்ணை அரிக்கும். வைத்த கல்லின்மேல் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். சோம்பல் வேண்டாம், செடி நட்டபின் கல்லை நகர்த்த முடியாது.

கற்களை நெருக்கி, தகடு தகடாகச் செங்குத்தாக நிறுத்தி, இடையில் இரண்டு விரல் அகலம் மட்டும் இடம் விடுவது இடுக்குத் தோட்டம். செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் வளர்த்தெடுத்த பாணி. மழை அதிகமுள்ள பர்மிங்காமுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் நிற்க இடமே இராது, வேர் கல்லை ஒட்டிக் கீழே ஆழம் தேடிப் போகும்.

ஏப்ரல், மே மாதங்களில் நடுங்கள். நட்டபின் செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குச் சரளை பரப்புங்கள். அடி இலைகள் ஈரமண்ணில் படாமல் சரளை மேல் உட்கார வேண்டும். பாதிச் செடிகளின் உயிர் இந்தச் சரளையில்தான் இருக்கிறது. முதல் சில வாரம் தண்ணீர், வேர் பிடித்ததும் வானத்தின் பொறுப்பு.

? சுண்ணாம்புக்கல்லா, மணற்கல்லா?
– வாசகி, லீட்ஸ்

பக்கத்தில் கிடைப்பது. செம்பர்வைவம் கால்கேரியம் தென்மேற்கு ஆல்ப்ஸின் சுண்ணாம்புப் பாறைக்காரி. மொன்டானமும் அரக்னாய்டியமும் சுண்ணாம்பில்லாத பாறையை விரும்புபவை. தோட்டத்தில் மூன்றும் எந்தக் கல்லோடும் ஒத்துப்போகும். ஆனால் சுண்ணாம்புப் பாறைத்தளங்களிலிருந்து பெயர்த்து வந்த பழைய, தண்ணீர் குடைந்த கல்லை வாங்காதீர்கள். அது ஆயிரமாயிரம் ஆண்டில் உருவானது, திரும்ப வராது.

? எங்கள் செடி முழுக்கச் சிலந்தி வலை. துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டேன். மருந்து அடிக்கலாமா?
– வாசகர், ஜெனீவா

ஐயா, உடனே நிறுத்துங்கள்! அது வலை இல்லை, செடியே நெய்த நூல். உங்களிடம் இருப்பது செம்பர்வைவம் அரக்னாய்டியம். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நடுக்குருத்தில் இளம் இலைகள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு இருக்கும். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு சிறு மயிர்க்கற்றை. நெருக்கத்தில் அவை பின்னிக்கொள்ளும். இலை வளர்ந்து விலகும்போது பின்னல் அறுவதில்லை, இழுபட்டு நுனியிலிருந்து நுனிக்கு வெள்ளை இழையாக நீள்கிறது. நல்ல வெயிலில் வலை அடர்ந்து, செடி வெள்ளிக்குண்டுபோல் தெரியும். நிழலில் வைத்தால் வலை மெலிந்துவிடும். மழைத்துளி அதில் தங்குவதால் மற்ற வகைகளைவிட இதற்கு ஈரப்பயம் அதிகம். செங்குத்து இடுக்கில் வையுங்கள். நீங்கள் துடைத்தது திரும்ப வராது, புதிய இலைகள் புதிதாக நெய்யும்.

? வாலெய் பகுதி மலையேற்றத்தில் பாறையெல்லாம் இந்தச் செடிதான். இரண்டு கன்று பிடுங்கி வந்தால் யாருக்கு நட்டம்?
– வாசகர், சூரிச்

பாறைக்கு. மண்ணே இல்லாத விளிம்பில், ஒரு கைப்பிடி மட்கைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொத்துதான். பிடுங்கினால் அடுத்த மழை அதையும் கழுவிக்கொண்டு போகும். ஆல்ப்ஸ் தாவரங்களில் பலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் (கன்டோன்) விதி மாறும். நாற்றுப்பண்ணையில் ஒரு தேநீர் விலைக்குக் கிடைக்கும் செடிக்காக மலையைச் சுரண்ட வேண்டுமா?

மலையில் வேறொன்றைத் தேடுங்கள். வெள்ளை இறக்கையில் சிவப்புக் கண் வைத்த அப்பொல்லோ வண்ணத்துப்பூச்சி. அதன் புழு தின்று வளர்வது செம்பர்வைவத்தின் உறவான வெள்ளைச் சீடத்தை. அந்தச் செடி நிற்கும் வெயில் சரிவுகள் புதர் மண்டிப்போன இடங்களில் பூச்சியும் இல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டிலும் இதே குடும்பத்து ரணகள்ளியின் இலைக்குள்ளேயே துளைத்துக்கொண்டு வாழும் புழு உண்டு. அது ரெட் பியரோ என்ற கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சுப் பூச்சியாகப் பறக்கும். இலையில் ஓட்டை கண்டதும் மருந்தை எடுக்காதீர்கள்.

? நம் ஊரில் திருஷ்டிக்கு வாசலில் கற்றாழை கட்டித் தொங்கவிடுவார்கள். இங்கே பழைய வீட்டுக் கூரைமேல் செம்பர்வைவம் பார்த்தேன். இவர்களுக்கும் அப்படி ஏதாவது?
– வாசகி, கோபன்ஹேகன்

உண்டு. இடி, மின்னல், தீ இவற்றிலிருந்து வீட்டைக் காக்கும் என்று ஐரோப்பா முழுக்க நம்பினார்கள். கி.பி. 800-ஐ ஒட்டி, பேரரசர் சார்லமேன் காலத்து அரச பண்ணைகளுக்கான ஆணையில் தோட்டத்தில் வளர்க்க வேண்டிய செடிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி வரி, தோட்டக்காரர் தன் வீட்டுக் கூரைமேல் இந்தச் செடியை வைத்திருக்க வேண்டும் என்பது. மின்னலை அது தடுக்காது. ஆனால் மண்ணே இல்லாத ஓட்டின்மேல், வெயிலிலும் பனியிலும், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. ஒரு செடிக்கு எவ்வளவு குறைவாகத் தேவை என்று தெரிந்துகொள்ள உங்கள் ஊர்க் கூரையைப் பார்த்தாலே போதும்.

? சதைப்பற்றுச் செடிகள் இரவில்தான் மூச்சு விடுகின்றன என்கிறார்கள். உண்மையா?
– தாவரவியல் மாணவி, திருச்சி

மூச்சு எல்லா நேரமும் உண்டு. நீங்கள் கேட்பது கரியமில வாயுவை உள்ளே வாங்குவதைப் பற்றி. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து வாங்கும், கூடவே நீரை ஆவியாக இழக்கும். சதைப்பற்றுச் செடிகளில் பல இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து, வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக இலைக்குள் பூட்டி வைக்கின்றன. பகலில் கதவடைத்துவிட்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெளிச்சத்தைக் கொண்டு சமைக்கின்றன. செம்பர்வைவமும் ரணகள்ளியும் அடங்கிய கிராசுலேசியே குடும்பத்தின் பெயரையே இந்த முறைக்கு வைத்திருக்கிறார்கள்.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. தரங்கம்பாடிக்கு மொரேவிய மதப்பணியாளராக வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹேய்ன். ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளையில் மென்று பார்த்திருக்கிறார். காலையில் புளித்தது, நண்பகலில் சப்பென்றானது, மாலையில் லேசாகக் கசந்தது. லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அவர் எழுதிய இந்தக் குறிப்பு 1815-ல் வெளியானது. ஆய்வகமோ கருவியோ இல்லாமல், நாக்கை வைத்தே பிடித்த உண்மை. 1819-ல் மதராஸிலேயே இறந்தார். நம் பாட்டிமார் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று ஆணியில் தொங்கவிட்டார்களே, அந்தச் செடிதான் அவர் மென்ற ரணகள்ளி. உங்கள் கல்லூரியில் லிட்மஸ் தாள் இருக்கும். விடிகாலையும் மாலையும் இலைச்சாற்றைச் சோதித்துப் பாருங்கள்.

? செம்பர்வைவம் மட்டும்தானா? வேறு எதுவும் பனி தாங்காதா?
– வாசகி, ஒட்டாவா

நிறைய இருக்கிறது. வெள்ளைச் சீடம், குளிரில் செம்பாகச் சிவக்கும். கேப் பிளாங்கோ என்ற சீடம், வட அமெரிக்க மேற்குக் கரையின் செடி, வெள்ளித்தூள் பூசிய சின்ன இலை. உங்கள் குளிரை அது எப்போதும் தாங்கும் என்று சொல்ல முடியாது, முயன்று பார்க்கலாம். மஞ்சள் பூ பூக்கும் சீடம் ஏக்கரை மட்டும் யோசித்து நடுங்கள். ஒரு துணுக்கு விழுந்த இடமெல்லாம் முளைத்து மென்மையான செடிகளை மூடிவிடும். மங்கோலிய, சைபீரியப் பக்கத்து ஒரோஸ்டாக்கிஸ் ஸ்பைனோசா எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்காலத்தில் உள்ளிலைகள் அத்தனையும் இறுகி, முள்நுனி வரிசை சுழன்று சுழன்று நடுவில் முடியும். எந்தச் செதுக்கு வேலைக்காரரும் பொறாமைப்படுவார்.

தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ மலைகளிலிருந்து வந்த டெலோஸ்பெர்மா வகைகளை அமெரிக்காவின் டென்வர் தாவரவியல் பூங்காவில் பனயோட்டி கெலைடிஸ் பரப்பினார். கோடை முழுக்கக் கண்ணைப் பறிக்கும் பூ. டென்வரின் காய்ந்த குளிரில் செழிக்கும் அதே செடி, அதைவிடக் குளிர் குறைந்த ஈர ஊரில் அழுகிவிடும்.

உங்கள் நாட்டுக்கே சொந்தமான கள்ளியும் உண்டு. ஒபன்ஷியா ஃபிராஜிலிஸ் வடக்கே பீஸ் ஆற்றுப் பகுதி வரை வளர்கிறது. குளிர்காலத்தில் தண்ணீரை இழந்து, சுருங்கித் தரையோடு படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், மே மாதம் எழுந்து உட்காரும். ஒன்டாரியோவின் பாயின்ட் பெலியில் இயற்கையாக நிற்கும் இன்னொரு ஒபன்ஷியா அருகிவரும் இனம், பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். நம் ஊரில் சப்பாத்திக்கள்ளி காடாக மண்டி, 1920-களில் இலங்கை வழியாகக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். நம் ஊரில் தொல்லையான கள்ளியின் உறவினத்துக்கு உங்கள் நாட்டில் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது.

? மே மாதம் வரை ரத்தச் சிவப்பாக இருந்த செடி ஜூலையில் பச்சையாகிவிட்டது. உரம் போடவா?
– வாசகர், ஓஸ்லோ

போட்டால் இன்னும் பச்சையாகும். குளிரும் கூரிய வெளிச்சமும் சேரும்போதுதான் சிவப்பு நிறமி கூடும். வசந்தம்தான் அதன் பண்டிகைக்காலம், கோடையில் மங்குவது வழக்கம். காத்திருங்கள்.

? நீல நிறச் செம்பர்வைவம், வானவில் நிறச் செம்பர்வைவம் என்று விதை விற்கிறார்களே?
– வாசகி, மிசிசாகா

படத்துக்குத்தான் சாயம் பூசியிருக்கிறார்கள். பளிச்சென்ற நீலத்தில் ஒன்றும் கிடையாது. பெயர் சொல்லி விற்கும் ரகமும் விதையில் அப்படியே வராது, ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும் இனம் இது. கன்றாக வாங்குங்கள். விசித்திரம் வேண்டுமென்றால் 'ஆடிட்டி' என்ற ரகம் இருக்கிறது. ஒவ்வோர் இலையும் குழலாகச் சுருண்டிருக்கும்.

? கன்று பிரிப்பது எப்படி? இலையைப் பிய்த்து நட்டால் வருமா?
– வாசகர், பாரிஸ்

எச்செவேரியாவுக்கு வரும், செம்பர்வைவத்துக்குப் பெரும்பாலும் வராது. ஜூனில் கன்றின் தண்டு காய ஆரம்பித்ததும் கத்தரித்துச் சரளை மண்ணில் அமுக்குங்கள், அவ்வளவுதான். குளோபிஃபெரம் வகையில் அந்த வேலைகூட இல்லை. கன்று நூலிழைத் தண்டில் பந்துபோல் உருண்டு நிற்கும். காற்றோ பறவையோ தட்டினால் உடைந்து சரிவில் உருண்டோடி, நின்ற இடத்தில் வேர்விடும். தலைகீழாக விழுந்தாலும் வேர் விட்டு நிமிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஹியூஃபெலை என்ற வகை மட்டும் வேறு சாதி. பால்கன் மலைக்காரி. தண்டே விடாது. தடித்த கிழங்கு போன்ற அடியிலிருந்து பக்கத்திலேயே பிளந்து பெருகும். அதற்குக் கூரான கத்தி வேண்டும். முழுச் செடியையும் தோண்டி, ஒவ்வோர் இலைக்கொத்துக்கும் கொஞ்சம் அடிக்கிழங்கு வரும்படி வெட்டி, வெட்டுவாயை நிழலில் இரண்டு, மூன்று நாள் ஆறவிட்டு நடுங்கள். ஆறாமல் நட்டால் அழுகும்.

? சில கொத்துகள் மட்டும் வெளிறி, இலை நீண்டு விறைத்து நிற்கின்றன. அடியில் ஆரஞ்சுப் புள்ளிகள். சில செடிகளோ தொட்டால் அப்படியே கையோடு வருகின்றன, வேரே இல்லை!
– வாசகி, கிராய்டன்

இரண்டு வேறு நோய். ஆரஞ்சுப் புள்ளி, துருப்பூஞ்சை. செடியின் உள்ளுக்குள்ளேயே பரவிவிடுவதால் இலையைக் கிள்ளிப் பயனில்லை. அந்தக் கொத்தைக் கன்றுகளோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள். தாமதித்தால் வித்துகள் அடுத்த செடிக்குப் போகும்.

வேரில்லாமல் வருவது வைன் வீவில் வண்டின் வேலை. மண்ணைக் கிளறினால் பழுப்புத் தலையோடு, வளைந்த வெள்ளைப் புழு கிடைக்கும். வேரைத் தின்பது அதுதான். பொறுக்கி எடுத்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் மண் வெதுவெதுப்பாக இருக்கும்போது நெமட்டோட் நுண்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வேர் போன கொத்துகளைத் தூக்கிப்போடாதீர்கள். சுத்தம் செய்து புதுச் சரளை மண்ணில் உட்காரவைத்தால் திரும்ப வேர்விடும். காலையில் செடிகள் சிதறிக் கிடந்தால் அது நோயல்ல, புழு தேடி வந்த கரும்பறவை. புதிதாக நட்டவற்றின் மேல் சில வாரம் வலை விரியுங்கள்.

? பாறைத்தோட்டம் பணக்காரர் விளையாட்டு இல்லையா? எங்களுக்குத் தோட்டமே இல்லை, பால்கனிதான்.
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

தொடங்கியது அப்படித்தான். ஹென்லியில் சர் ஃபிராங்க் கிரிஸ்ப் தன் மாளிகைத் தோட்டத்தில் மேட்டர்ஹார்ன் மலையையே சின்னதாகக் கட்டினார். பின்னாளில் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் வாங்கியது அந்த வீட்டைத்தான். அதை மாற்றியவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் எலியட் என்ற நாற்றுப்பண்ணைக்காரர். பண்ணைகளில் வேண்டாமென்று கிடந்த பழைய கல்தொட்டிகளில் மலைச்செடிகளை நட்டுக் காட்டினார். மாடு தண்ணீர் குடித்த தொட்டிக்குள் ஒரு மலை. உங்களுக்குக் கல்தொட்டி எதற்கு? அடியில் ஓட்டை போட்ட பழைய பீங்கான் கழுவுதொட்டி போதும். வெயில் படும் பால்கனி, சரளை மண், சாய்த்துச் செருகிய மூன்று கல், ஐந்து கன்று. நிரம்பிய தொட்டி நல்ல கனம் இருக்கும், பால்கனி தாங்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

? வடக்கு நோர்வேயில் வேலைக்கு வந்திருக்கிறேன். இங்கே ஏதாவது முளைக்குமா என்றே சந்தேகம்.
– வாசகர், டிரோம்ஸோ

உங்கள் ஊரில்தான் உலகின் வடகோடித் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1994-ல் திறந்தது. முழுக்க மலைச்செடிகளும் ஆர்க்டிக் செடிகளும்தான். ஜூலையில் ஒரு ஞாயிறு போய்வந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

? என்ரை மனுசன் விடிய எழும்பின உடனே ஒவ்வொரு செடிக்கும் தண்ணி ஊத்துறார். சொன்னாலும் கேக்கிறாரில்லை. செம்பர்வைவம் ஒவ்வொண்டா அழுகுது. என்ன செய்ய, அண்ணை?
– வாசகி, ஸ்கார்பரோ

தங்கச்சி, வாளியைப் பறிக்காதேங்கோ. பாறைத்தோட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அவருக்கென்று நாலு தக்காளியும் இரண்டு கத்தரியும் நட்டுக் கொடுங்கோ.